என்ஜினுக்கு நாக்கு கிடையாது

சேலத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்குச் சின்னசேலம் என்பது, ஆத்தூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே வந்துபோகிற ஒரு பெயர்ப் பலகை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருக்கிறவர்கள், அறுவடைக் காலமாக இருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். ரோட்டோரம் மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். களத்துக்குப் பதில் தார் ரோடு. வெயிலில் அடுப்பு மாதிரி சுடுகிற தார், ஈரத்தைச் சீக்கிரமே இழுத்துவிடும். லாரிகளும் பைக்குகளும் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போகும்.

அந்தச் சோளம் எங்கே போகும் என்பதில் பல வருஷங்களாக யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துக் கோழிகளுக்கு. கோழி தின்னும், முட்டை போடும், அந்த முட்டை சத்துணவுக் கூடம் தொடங்கி ஹோட்டல் ஆம்லெட் வரைக்கும் போகும். இப்போது அதே சோளத்துக்கு இன்னொரு வாய் முளைத்துவிட்டது. மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறதே அந்த வண்டி, அதற்கும் சோளப் பசி வந்துவிட்டது. சோளத்தை அரைத்து, புளிக்கவைத்துக் காய்ச்சினால் எத்தனால். எத்தனாலை 20 சதவீதம் கலந்தால், இன்று பங்க்கில் நாம் போட்டுக்கொள்கிற பெட்ரோல்.

இது ஏதோ நேற்று முளைத்த யோசனை என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். பெட்ரோல் அல்லாத எதையாவது போட்டு வண்டி ஓட்டும் முயற்சி, மோட்டார் வண்டி எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. நீராவி, மின்சாரம், கடலை எண்ணெய், சாராயம், அடுப்புக்கரி எல்லாவற்றிலும் வண்டி ஓடியிருக்கிறது. என்ஜினுக்கு நாக்கு கிடையாது. எரிகிற எதைக் கொடுத்தாலும், அதற்குத் தக்க மாதிரி கொஞ்சம் திருத்தி வைத்தால் போதும், தின்றுவிட்டு ஓடும். அப்புறம் ஏன் நூறு வருஷமாகப் பெட்ரோலும் டீசலும் மட்டும் ராஜ்ஜியம் பண்ணின?

இந்தக் கேள்விக்கு மெக்கானிக்கிடம் பதில் கிடைக்காது. கணக்குப்பிள்ளையைக் கேட்க வேண்டும்.

*

1900-ம் வருஷம் அமெரிக்காவில் மொத்தம் 4,192 மோட்டார் வண்டிகள் செய்தார்கள். அதில் 1,681 நீராவி வண்டிகள். 1,575 பேட்டரியில் ஓடும் மின்சார வண்டிகள். பெட்ரோல் வண்டி? வெறும் 936. மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் பெட்ரோல்தான் கடைசி. சத்தம், புகை, நாற்றம். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கம்பி திருப்பி அடித்து மணிக்கட்டு ஒடிகிற ஆபத்து வேறு.

சென்னையும் இந்த விஷயத்தில் ஒன்றும் பின்தங்கி இல்லை. 1895 மே மாதமே இங்கே மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 1903-ல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அடுத்த இரண்டு வருஷத்தில் நீராவி பஸ்ஸும் வந்தது.

அதே 1900-ல் பாரிஸில் ஒரு பெரிய கண்காட்சி. அங்கே ஒரு சின்ன என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த முறைப்படி செய்த என்ஜின். நன்றாகவே ஓடியது. அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பது வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ரொம்பச் சில பேருக்குத்தான் தெரியும். ஏன் கடலை எண்ணெய்? பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அவர்களுக்கு ஆப்பிரிக்காவில் காலனிகள். அங்கே கடலை விளைகிறது. நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதற்குப் பதில், அங்கே விளைவதை வைத்தே என்ஜினை ஓட்டிவிட முடியாதா? முடியும் என்று அந்தச் சின்ன என்ஜின் நிரூபித்தது.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் உண்டு. சின்னசேலம் அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. தென்னாற்காட்டு நிலக்கடலை, பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போன கடலை என்ஜினுக்குள் போகவில்லை. எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. காரணம், கணக்கு. கடலை வேண்டுமென்றால் உழ வேண்டும், விதைக்க வேண்டும், களை எடுக்க வேண்டும், மழைக்குக் காத்திருக்க வேண்டும், பிடுங்கி, உடைத்து, ஆட்ட வேண்டும். கச்சா எண்ணெய்க்கு விவசாயியே தேவையில்லை. 1901 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில், ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் பூமியைத் துளைத்தார்கள். எண்ணெய் வானத்துக்குப் பீறிட்டு அடித்தது. அந்த விலைக்கு எந்தக் கடலைக்காரனாலும் போட்டி போட முடியாது.

கோடிக்கணக்கான வருஷம் பூமிக்கடியில் வெந்து தயாரான எண்ணெய்க்கு, தோண்டுகிற கூலி மட்டும்தான் விலை. வெந்த காலத்துக்கு யாரும் பில் போடவில்லை. 1912-ல் பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும் வசதியும் வந்துவிட்டது. பந்தயம் முடிந்தது.

*

பெட்ரோல் ஜெயித்ததும் அதற்கு ஒரு வியாதி வந்தது. என்ஜினின் சக்தியைக் கூட்டக் கூட்ட உள்ளே 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுகிற சத்தம். நாக்கிங் என்று பெயர். (நம் நாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக வெடிப்பதால் வருவது.

மருந்து தேடினார்கள். எத்தனால் கலந்தால் சத்தம் அடங்கும் என்பது தெரிந்த விஷயம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்திலேயே அதைச் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். சாராயம் காய்ச்ச உலகத்தில் எல்லா ஊர் விவசாயிக்கும் தெரியும். அதற்கு யாரும் ராயல்டி கேட்க முடியாது. 1921 டிசம்பரில் அதே கூடத்தில் தாமஸ் மிட்க்லி என்பவர் வேறொரு மருந்தைக் கண்டுபிடித்தார். டெட்ராஎத்தில் லெட். ஈயம் கலந்த ரசாயனம். துளியூண்டு போதும். பேட்டன்ட் வாங்கலாம். விற்கிற ஒவ்வொரு லிட்டரிலும் காசு.

ஈயம் விஷம் என்பது ரோமானியர் காலத்திலிருந்து தெரியும். 1924-ல் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் இந்த ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கினார்கள். 5 பேர் செத்துப் போனார்கள். கொஞ்ச நாள் விற்பனையை நிறுத்தினார்கள், கமிட்டி போட்டார்கள், மறுபடி விற்றார்கள். அடுத்த ஐம்பது அறுபது வருஷம் உலகத்தின் பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசித்து வளர்ந்தன. குழந்தைகளின் மூளையை ஈயம் மந்தமாக்கும். இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000-ல். உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் இருந்தே தீரும். வரவு ஒருத்தர் கணக்கில் வந்தால், எங்கேயோ ஒரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். ஈயப் பெட்ரோலின் வரவு, கம்பெனியின் பேரேட்டில் சுத்தமாக இருந்தது. பற்று எழுதப்பட்ட இடம், குழந்தைகளின் ரத்தம். மாற்று எரிபொருளின் கதை முழுக்க இந்தப் பேரேட்டுக் கதைதான். நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

*

'கரி பஸ்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வீட்டில் 90 வயதைத் தொட்ட பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்துவிட்டான். பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் அவன் கைக்குப் போகக்கூடாது என்று, பின்வாங்கிய பிரிட்டிஷ்காரர்களே அவற்றை அழித்துவிட்டுப் போனார்கள். நமக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயில் ஒரு பெரும்பங்கு அதோடு போச்சு. இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கு. பஸ் முதலாளிகள் என்ன செய்வார்கள்?

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் ஒரு காரியம் செய்தார். 1911-லிருந்து தொழில் நடத்தி வந்தவர். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸை ஓட்ட, 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியைத் தயாரித்தார். ரகசியம் ஒன்றும் இல்லை. ஆளுயர இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரி. கீழே பற்றவைத்து, காற்றை அளவாகத்தான் உள்ளே விட வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி முழுசாக எரிந்து சாம்பலாகிவிடும். குறைவாகக் கிடைத்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அந்த வாயு எரியக்கூடியது. அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்பினால், பெட்ரோல் ஆவிக்குப் பதில் அதைத் தின்றுவிட்டு என்ஜின் ஓடும்.

ஓடும் என்றால், ஒரு மாதிரி ஓடும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். விடிகாலையில் கிளீனர் எழுந்து பீப்பாயில் கரியைக் கொட்டி, கைப்பிடிக் காற்றாடியைச் சுற்று சுற்றென்று சுற்றி, கங்கு பிடித்து வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். டிக்கெட் எடுத்த கையோடு ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். சாயங்காலம் சாம்பல் வார வேண்டும், வடிகட்டியில் படிந்த கரிப்பிசினைச் சுரண்ட வேண்டும். பீப்பாயில் ஓட்டை விழுந்தால் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளையே முடித்துவிடும்.

இதைக் கேலி பண்ணுகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பா முழுக்க அப்போது இதே கதிதான். ஜெர்மனியில் லட்சக்கணக்கில், ஸ்வீடன் என்கிற சின்ன நாட்டில் சுமார் 70,000 வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. போர் நடந்த வருஷங்களில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஜனங்கள் போய்ச் சேர்ந்தது இந்தப் பீப்பாய் தயவில்தான். தொழில்நுட்பம் ஜெயித்தது.

போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் பீப்பாயைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். பழைய மூட்ட முறையில் 1 கிலோ கரிக்கு 5, 6 கிலோ மரம் வேண்டும். மரத்துக்கு விலை போட்டிருந்தால் கரி பஸ் முதல் நாளே நின்றிருக்கும். காட்டுக்கும் கிளீனரின் நுரையீரலுக்கும் அந்தக் கணக்கில் பற்றுச்சீட்டு கிடையாது.

*

கரியை மறந்துவிட்டார்கள். சாராயத்தை மறக்கவில்லை.

1932-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டு உள்நாட்டு ஆலைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. சில வருஷங்களில் நாட்டில் சர்க்கரை ஆலைகள் நூறைத் தாண்டின. கூடவே மொலாசஸும் குவிந்தது. கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகு. வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை. அதைக் காய்ச்சி, பெட்ரோலில் கலந்தால் என்ன என்று யோசித்தார்கள். 'பவர் ஆல்கஹால்' என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரம் வந்ததும் 1948-ல் மத்திய அரசு 'இந்தியன் பவர் ஆல்கஹால் சட்டம்' என்றே ஒரு சட்டம் போட்டது.

அதே 1948-ல் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? அக்டோபர் 2-ம் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1937-ல் ராஜாஜி நாட்டிலேயே முதல் முறையாகச் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்துவைத்தது, பதினொரு வருஷத்தில் எல்லா ஜில்லாவுக்கும் பரவியிருந்தது. ஒரே வருஷம். டெல்லி, சாராயத்தை வண்டிக்கு ஊற்றச் சட்டம் போடுகிறது. சென்னை, சாராயத்தை மனுஷனுக்கு ஊற்றாமல் இருக்கச் சட்டத்தை விரிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. தொழிற்சாலைக்குப் போகிற ஆல்கஹாலுக்கு எங்கேயும் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்குப் பர்மிட் வேண்டும், பூட்டு வேண்டும், காவலுக்கு எக்சைஸ் அதிகாரி வேண்டும். பெட்ரோல் டிரம்மை உருட்டிக்கொண்டு போவதற்கு இத்தனை தொல்லை கிடையாது. 1950-களில் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பவர் ஆல்கஹால் சட்டம் அலமாரியில் தூங்கியது. 2000-ல் அதை ரத்தே செய்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மூன்றே வருஷத்தில் அதே வேலையை வேறு பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதற்கு முன்னால், சொல்லாமல் தாண்டிப் போக முடியாத ஒரு விஷயம். ஆல்கஹாலில் அண்ணன் தம்பி இருவர். எத்தனால், மெத்தனால். இரண்டும் எரியும். இரண்டிலும் வண்டி ஓடும். மெத்தனால் கலந்த பெட்ரோலைச் சீனா நெடுநாளாக உபயோகிக்கிறது. 2022-ல் அசாமின் தின்சுகியாவில், 15 சதவீதம் மெத்தனால் கலந்த பெட்ரோலை இந்தியாவும் சோதனையாக விற்றுப் பார்த்தது. பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரிதான். என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. மனித உடம்புக்குத் தெரியும். மெத்தனால் உள்ளே போனால் முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். உலகம் முழுக்க, தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் மெத்தனாலைக் கலந்துவைப்பது பழைய வழக்கம்.

2024 ஜூன் மாதம், சின்னசேலத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். எரிபொருளாகவும் ரசாயனமாகவும் பீப்பாயில் போக வேண்டியது பாக்கெட்டில் போனது. ஆல்கஹாலை எரிபொருளாகப் பேசும்போது நிபுணர்கள் ஆக்டேன் எண்ணைச் சொல்வார்கள், அந்நியச் செலாவணியைச் சொல்வார்கள். ஆலையிலிருந்து டாங்க் வரைக்கும் நடுவில் எத்தனை பூட்டு, எத்தனை சாவி, சாவி யார் கையில் என்பதும் இந்தக் கணக்கில் ஒரு செலவு. அதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

சாராயத்தில் ஒரு தேசத்தையே ஓட்டிய கதை பிரேசிலுடையது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. பிரேசில் கதிகலங்கியது. கையில் எண்ணெய் இல்லை, கரும்பு இருக்கிறது. 1975 நவம்பரில் 'ப்ரோஆல்கூல்' திட்டம். பெட்ரோலே இல்லாமல் முழு எத்தனாலில் ஓடும் கார்கள் வந்தன. 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஆல்கஹால் கார்.

1986-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பிறகு சர்க்கரை விலை ஏறியது. ஆலை முதலாளி என்ன செய்வான்? சர்க்கரை பண்ணினான். 1989-90-ல் பங்க்குகளில் ஆல்கஹால் இல்லை. அரசாங்கத்தை நம்பி ஆல்கஹால் கார் வாங்கியவன் வரிசையில் நின்றான். அந்தக் காருக்குப் பெட்ரோலும் ஒத்துக்கொள்ளாது. அடுத்த சில வருஷங்களில் ஆல்கஹால் கார் விற்பனை ஏறக்குறைய பூஜ்யத்துக்குப் போய்விட்டது. பிரேசில் மறுபடி தலைதூக்கியது 2003-ல். பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ்' என்ஜின். எது மலிவோ அதை ஊற்றிக்கொள். விலை ஏற்ற இறக்கத்தின் சுமை வண்டிக்காரன் தலையிலிருந்து இறங்கியது. அந்த என்ஜினின் நிஜமான சாதனை அதுதான்.

அதே 2003 ஜனவரியில் இந்தியா, தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தது. 2004-ல் மழை இல்லை, கரும்பு இல்லை, மொலாசஸ் இல்லை. திட்டம் படுத்துவிட்டது. 2006-ல் மறுபடி எழுப்பினார்கள்.

நடுவில் காட்டாமணக்கு. 2003-ல் திட்டக் கமிஷன், தரிசு நிலத்தில் காட்டாமணக்கு போட்டால் டீசலாகக் கொட்டும் என்று ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் கணக்குப் போட்டது. ஆடு மாடு தின்னாது, தண்ணி வேண்டாம், வேலியிலேயே வளரும். எல்லாம் உண்மை. தண்ணி இல்லாமல் வளரும், ஆனால் தண்ணி இல்லாமல் காய்க்காது என்கிற வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் நம்பி நட்டவர்கள் பலர் சில வருஷத்தில் பிடுங்கி எறிந்தார்கள். செடியின் மேல் தப்பு இல்லை. தரிசின் பேரில் போட்ட கணக்குக்கு நனைந்த நிலத்தின் மகசூலை எழுதினால் செடி என்ன செய்யும்?

*

இப்போது சோளத்துக்கு வரலாம்.

2022 ஜூனில் இந்தியா 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே தொட்டுவிட்டது. கரும்பை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. கரும்பு தண்ணீரைக் குடிக்கிற பயிர். கரும்பிலிருந்து 1 லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற கோமுகியை நம்பி, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற விவசாயிக்கு இந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியம் வராது. 2023 டிசம்பரில், சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்க மத்திய அரசே தடை போட்டது. அப்போதுதான் மக்காச்சோளத்துக்கு யோகம் அடித்தது. சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு விலை வைத்தார்கள். ஒரு டன் சோளத்தில் சுமார் 380 லிட்டர். 2023-24 எத்தனால் வருஷத்தில் நாட்டின் மொத்த எத்தனாலில் 40 சதவீதத்துக்கு மேல் சோளத்திலிருந்து வந்தது.

கணக்கை எழுதுவோம். வரவுப் பக்கம்: கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது. அந்நியச் செலாவணி மிச்சம். புகையில் கார்பன் மோனாக்சைடு குறைவு. சோளம் போட்டவனுக்கு இரண்டாவதாக ஒரு வாங்குகிற ஆள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. 2018-ல் படைப்புழு வந்து சோளக்காட்டைச் சல்லடையாக்கியபோது நொந்துபோன விவசாயிக்கு, நல்ல விலை என்பது வாராது வந்த விருந்தாளி.

பற்றுப் பக்கம்: ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சோளம் வாங்கியது. கோழிப் பண்ணைக்காரர்களின் தீவனச் செலவு ஏறியது. அது முட்டை விலையாக நம் வீட்டுக்கு வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. அதனால் 20 சதவீதக் கலப்புக்காகச் செய்யாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை கணித்தது. மாதம் 4,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிற குடும்பத்துக்கு அது சுமார் 250 முதல் 300 ரூபாய். யாரும் பில் கொடுப்பதில்லை. பங்க்குக்கு இரண்டு நாள் முன்னதாகப் போக வேண்டி வரும், அவ்வளவுதான்.

விவசாயியின் வரவாவது நிரந்தரமா? 2025 ஜனவரியில், அரசுக் கிடங்கில் குவிந்த அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு முடிவு செய்தது. அந்த வருஷக் கடைசியில் கர்நாடகாவில் சோளம் போட்டவர்கள் ஆதார விலையான 2,400 ரூபாய் கிடைக்கவில்லை என்று தெருவுக்கு வந்தார்கள். பிரேசிலில் கார் வைத்திருந்தவனுக்கு நடந்தது, இங்கே காடு வைத்திருப்பவனுக்கு நடக்கிறது. எதை ஊற்றுவது என்று ஆலை முடிவு செய்கிறது. எந்த விலைக்கு என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. விதைத்துவிட்டவனால் மட்டும் முடிவை மாற்றிக்கொள்ள முடியாது.

*

அப்படியானால் எரிபொருளை மாற்றவே முடியாதா? முடியும். சின்னசேலத்திலேயே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே போகிற ரயில் பாதையைச் சொல்கிறேன்.

மீட்டர் கேஜில் கரி என்ஜின் புகைவிட்டுக்கொண்டு போன பாதை அது. நூறு ரூபாய்க்குக் கரி போட்டால், ஏழெட்டு ரூபாய்தான் சக்கரத்துக்குப் போகும். மிச்சம் ஆகாயத்துக்கு. பிறகு டீசல் என்ஜின் வந்தது. நூற்றுக்கு முப்பது ரூபாய் சக்கரத்துக்கு. பிறகு அகலப்பாதை ஆனது. இப்போது தலைக்கு மேலே மின்கம்பி. மூன்று எரிபொருள் மாறியாயிற்று. பயணிகள் யாரும் இறங்கித் தள்ளவில்லை.

ஏன் இது நடந்தது? எரிபொருள் வாங்குகிறவரும், என்ஜின் வாங்குகிறவரும், பாதை போடுகிறவரும், மிச்சம் பிடிக்கிறவரும் அங்கே ஒரே ஆள். செலவும் வரவும் ஒரே பேரேட்டில். புது என்ஜினுக்குப் பணம் போட்டால் மிச்சம் தன் கைக்கே வரும் என்று ரயில்வேக்குத் தெரியும். நேர்மாறான உதாரணம் மெட்ராஸ் டிராம். புகை இல்லை, பெட்ரோல் இல்லை, ஏழைக்குக் குறைந்த டிக்கெட். லாபம் எல்லாம் ஊருக்கு, நஷ்டம் எல்லாம் கம்பெனிக்கு. ஊரின் லாபத்தை யாரும் கம்பெனிப் புத்தகத்தில் வரவு வைக்கவில்லை. 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோனது. அது ஓட முடியாமல் நிற்கவில்லை.

பேட்டரி வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் வரப்போகிறது என்கிறார்கள். எல்லாம் ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். அடுத்த முறை யாராவது மேடை போட்டு ஒரு புது எரிபொருளை அறிமுகம் செய்தால், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள். வரவு யார் கணக்கில், பற்று யார் கணக்கில்?

என்ஜின் இந்தக் கேள்வியைக் கேட்காது. நாமக்கல் கோழியும் கேட்காது. நாம்தான் கேட்டாக வேண்டும்.